கிறிஸ்துமஸ் ரஜாவும் மாட்டுத்தொழுவமும்

கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் ரஜா விட்டால் எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம். அப்பா அம்பாசமுத்திரத்தில் கோர்ட்டு குமாஸ்தா. சைவப் பிள்ளைமார் குடும்பமான எங்களுக்குக் கிறிஸ்து பிறந்ததால் கிடைத்ததெல்லாம் அப்பா வீட்டில் இருக்கும் அந்தச் சில நாட்கள்தான். வருஷாவருஷம், "இந்த ரஜாவுல உங்களத் திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்பார். வருஷாவருஷம் ஏதாவது ஒரு திதி குறுக்கே வந்து விழும். பஞ்சாங்கத்தைக் கேட்காமல் அந்த மனுஷர் தும்மினதுகூடக் கிடையாது.

அந்த வருஷம் மட்டும் அம்மா விடவில்லை. காரணம் என் சித்தி. தாயில்லாத தங்கையை அம்மாதான் எடுத்து வளர்த்தாள். திருநெல்வேலி டவுனில் கட்டிக்கொடுத்திருந்தது. சித்தப்பாவுக்குக் கொழும்பில் ஒரு மண்டியில் வேலை கிடைத்து, கிறிஸ்துமஸ் கழிந்ததும் தூத்துக்குடியில் கப்பல் ஏறப்போகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். என்றைக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. கப்பல் ஏறினால் எந்தக் காலத்தில் திரும்புவார்களோ. அதற்குள் தங்கச்சி முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அம்மாவுக்கு. அப்பாவோ, "பாத்துட்டாப் போச்சு. அப்படியே பாளையங்கோட்டையில கிறிஸ்துமஸ் சோடனை பாக்கலாம், சர்க்கஸ் பாக்கலாம்" என்று அதை ஒரு உல்லாசப் பயணமாக ஆக்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ரயில் என்று முடிவானது. முடிவான மாத்திரத்தில் பஞ்சாங்கம் வெளியே வந்தது. திங்கள் கிழக்கே சூலமாம், அந்தத் திசையில் புறப்படக்கூடாதாம். போதாக்குறைக்கு வண்டி வரும் நேரம் ராகுகாலமாம்.

"அப்பம் செவ்வாக்கிழமை போவோம்" என்றாள் அம்மா.

"செவ்வா அஷ்டமியில்லா? உனக்கு என்னட்டி தெரியும்? பரஸ்தானம் இருந்துட்டாத் தீந்தது."

பரஸ்தானம் என்றால், பயண நாள் சரியில்லை என்று முன்கூட்டியே ஒரு நல்ல வேளையில் மூட்டை முடிச்சோடு வீட்டை விட்டு இறங்கி, வேறொருவர் வீட்டில் போய்த் தங்கிக்கொள்வது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிரகங்களை ஏமாற்றுகிற வேலைதான், வேறென்ன. அந்தப்படி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு நல்ல நேரத்தில் வீட்டைப் பூட்டி, சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொள்ள, நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டோம். எங்கே? பக்கத்து வீட்டு மாட்டுத்தொழுவத்துக்கு! அவர்கள் வீட்டில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியிருந்ததால் உள்ளே இடமில்லை.

தொழுவத்தில் உட்கார்ந்த பிறகுதான், தங்கச்சிக்கென்று போட்டிருந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை அடுக்களையிலேயே வைத்துவிட்டது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. எழுந்தாள். அப்பா கையை விரித்து மறித்தார்.

"புறப்பட்ட வீட்டுக்குள்ள திரும்பக் கால் வைக்கப்படாது."

"கூப்பிடு தூரத்துல இருக்கு. ஒரு எட்டுப் போய் எடுத்துட்டு வாரேன்."

"முடிஞ்சுது போ, பயணமே முறிஞ்சு போகும்!"

கடைசியில் பக்கத்து வீட்டு அத்தை எங்கள் சாவியை வாங்கிப் போய் ஜாடியை எடுத்து வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவளுக்கு வயிறு குலுங்கியது. அன்று ராத்திரி மார்கழிக் குளிரில், கொசுக்கடியில், சாணி வாடையில் கிடந்தோம். என் அண்டையில் ஒரு கிழட்டு எருமை பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. உள்ளதைச் சொன்னால், எங்கள் மூவரையும்விட அதற்குத்தான் அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

மறுநாள் திருநெல்வேலியில் இறங்கியதும் அம்மா டவுனைப் பார்க்க நடந்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். எமகண்டம் வருகிறதாம், அந்த நேரத்தில் சொந்தக்காரர் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாதாம். ஆகவே ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனார். தெருவெல்லாம் கலர்க் காகிதத் தோரணம். கோடிச் சேலையும் தலை நிறையப் பூவுமாக கிறிஸ்து வேதக்காரப் பெண்கள் கோயிலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சள்ளை, சலிப்பு இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டார்கள், சோடா வாங்கித் தந்தார்கள். அம்மா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, "போவோமா, போவோமா" என்று நச்சரித்தபடியே இருந்தாள். "பொறுட்டி, எங்கன ஓடியா போயிருவா?" என்றார் அப்பா.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒருவழியாகச் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவில் பூட்டு தொங்கியது. எதிர்வீட்டுப் பாட்டையா எட்டிப் பார்த்தார்.

"அவாளா? நேத்தே சாமானெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாவளே. கொழும்புக்கில்லா!"

அம்மா அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. அப்புறம் அப்பா சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

"சரி, வந்தது வந்தோம். சர்க்கஸையாவது பாத்துட்டுப் போவோம்."

போனோம் ஐயா, சர்க்கஸுக்கும் போனோம். யானை முக்காலியில் உட்கார்ந்தது, கூட்டம் கை தட்டியது. அம்மா கூடாரத் துணியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கும் யானை பாதிதான் கண்ணில் பட்டது.

சாயங்கால ரயிலில் ஏறினோம். கூட்டம் நெரிந்தது. அம்மாவின் பக்கத்தில் சேரன்மகாதேவியில் மகள் வீட்டுக்குப் போகிற டவுன்காரி ஒருத்தி. ஜாடியைக் காட்டி, "இது யாருக்கு?" என்று பேச்சை ஆரம்பித்தாள். தங்கச்சிக்குக் கொண்டுவந்தேன், அவள் கொழும்புக்குப் போய்விட்டாள் என்றாள் அம்மா.

"கொழும்புக்கா? நெத்தியில சின்னதா ஒரு தழும்பு இருக்குமோ? அந்தப் பிள்ளை அவ வீட்டுக்கு அடுத்த தெருவுல, எங்க எதுத்த வீட்டுலல்லா இருக்கு! நாளைக்கு அஷ்டமி, இன்னைக்குச் சூலம்னு அவ மாப்பிள்ளை நேத்தே பரஸ்தானம் கூட்டிட்டு வந்துட்டாராம். விடிஞ்சுதான் ரயில். நான் வரும்போதுகூட வாசல்ல நின்னா."

சித்திக்கு நெற்றியில் தழும்பு உண்டு. அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, அதே பஞ்சாங்கம், அதே நல்ல நேரம். நாங்கள் தொழுவத்துக்குக் குடிபோன அதே வேளையில் சித்தி அடுத்த தெருவுக்குக் குடிபோயிருக்கிறாள். ஜில்லாவில் வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும், அந்தப் பூட்டைப் பார்த்ததும் தோன்றியிருக்க வேண்டிய ஒரே ஆள் எங்கள் அப்பாதான். அவர் சர்க்கஸுக்குக் கூட்டிப் போனார்!

ரயில் பேட்டையில் நின்றது. அம்மா ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, எங்க இறங்குத? வீட்டுக்குன்னு புறப்பட்ட பயணத்தைப் பாதியில முறிக்கப்படாது. ஏறு சொல்லுதேன்!"

"நான் முறிச்சுக்கிடுதேன். நீங்க முழுசாப் போய்ச் சேருங்க."

இறங்கிவிட்டோம். அப்பா படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றார். ரயில் நகர்ந்ததும் அந்தக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

பேட்டை ரோட்டில் டவுனைப் பார்த்து நடந்தோம். அம்மா நடந்தாள் என்பது தப்பு, நான்தான் பின்னாலேயே ஓடினேன். வழி நெடுக அவள் அப்பாவையும் சித்தப்பாவையும் நவக்கிரகங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டிக்கொண்டே வந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் தகரப்பெட்டி மேல் சித்தி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! நேத்தேலருந்து தெருவையே பாத்துக்கிட்டு இருக்கேன். நீ வந்தா அங்கனதான் வருவே, போய் நிக்கேன்னு அழுதேன். புறப்பட்ட வீட்டு வாசலுக்குத் திரும்பப் போகப்படாதுன்னுட்டாவ."

"எல்லா மூதியும் ஒண்ணுதான்" என்றாள் அம்மா. சித்தியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து வழித்து முத்தம் கொஞ்சினாள்.

விடிந்ததும் அவர்களை ரயிலேற்றிவிட்டு, அடுத்த வண்டியைப் பிடித்து நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டுக் கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி அம்மா இடுப்பில் அல்லவா இருந்தது! அப்பா தொழுவத்திலிருந்து எழுந்து வந்தார். வேட்டியெல்லாம் வைக்கோல், கண்ணெல்லாம் சிவப்பு. அம்மா பூட்டில் சாவியைப் போடப்போனாள்.

"கொஞ்சம் பொறுட்டி. இப்பம் ராகுகாலம்."

அம்மா கதவைத் திறந்து உள்ளே போனாள். அவர் ராகுகாலம் கழிகிறவரைக்கும் எருமையோடு இருந்துவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் சித்தி கொழும்பில் முதல் பிரசவத்தோடு போய்விட்டாள். செய்தி வந்த அன்று அப்பா அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். மேல்துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். அம்மா வெகுநேரம் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நான் பேட்டையில இறங்கினேன்லா" என்றாள்.