ஏழாம் வீட்டைத் தாண்டாத இஃப்

எண்பதுகளின் கடைசியில், பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறிப் பொன்னேரியில் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். மாடியில் ஒரு அறை, இரண்டு மெஷின், பதினாறு பேர். மெஷினில் வாரத்துக்கு ஒருவருக்கு அரை மணி நேரம்தான். கடைசி வகுப்புக்குள் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டினால் சர்டிபிகேட். அது இருந்தால் ஒரு ஆபீசில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நைனா மெட்ராஸ் ஹார்பருக்குக் கூலி வேலைக்குப் போய் இரண்டு வருஷம், ஒரு கடிதாசிகூட இல்லை. அம்மா மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் குப்பத்துப் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை போட வீடு வீடாக முறை வரும், அதுதான் பாடு. ஊரில் ஆம்பிளை இல்லாத வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு முறை சுற்றும் ஒரு லூப். வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில், ஆள் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சைபர். லூப்புக்குள் ஒரு இஃப்: சைபராக இருந்தால் எண்ணைக் காட்டாமல் தாண்டு. மூன்றாம் வீட்டிலும், அம்மாவும் மகளுமாக நாங்கள் இருவர் மட்டுமே இருந்த எங்கள் ஏழாம் வீட்டிலும் ஆம்பிளை ஆள் கிடையாது. பத்து எண் வர வேண்டும்.

பதினொன்று வந்தது. மூன்றை ஒழுங்காகத் தாண்டிய சனியன் ஏழாம் எண்ணை மட்டும் தாண்டவில்லை.

நான்கு வாரம் அந்த இஃப்போடு மல்லுக்கட்டினேன். சமம் என்பதைச் சமமில்லை என்று மாற்றினால் மூன்று மட்டும் தனியாக வந்து நின்றது. தாண்டிப் போகும் இடத்தை மாற்றினேன். லூப்பின் தலைக்கே திரும்பி, ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு என்று திரை முழுக்க ஓடியது. எதை அழுத்தினால் நிற்கும் என்று தேடுவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. மெஷினைத் தூக்கி ஏரியில் போடலாம் போலிருந்தது. கோபமெல்லாம் அம்மா மேல்தான் இறங்கியது. அவள் நைனாவின் வலையை வெயிலில் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு அத மடிச்சிக்கினு கீற? அந்தாளு வரமாட்டாரு. தூக்கிப் போடும்மா."

அவள் அடுத்த மடிப்பை நீவிவிட்டாள்.

கடைசி வகுப்பிலும் பதினொன்று. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். "இஃப் சரியாத்தான் சார் கீது, மெஷின்தான் கோளாறு" என்று கத்தினேன். அடுத்த முறைக்காகப் பக்கத்தில் காத்திருந்தவள் பழவேற்காட்டுக் கடைக்கார பாய் மகள். போக வர ஒரே பஸ், எங்கள் வீட்டுக் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டு எண்களை அடித்திருந்த வரியில் விரலை வைத்தாள். நான்கு வாரமாக நான் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காத வரி.

"அக்கா, ஏழாம் நம்பருக்கு ஒண்ணு போட்டுக்கீற. உங்க நைனா வந்துட்டாரா?"

என் கையால் அடித்ததுதான். முகம் எரிந்தது. அவள் மேல் கோபம் வந்தது, நைனா மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் என் மேலேயே வந்தது.

"இல்ல" என்று சொல்லி, ஒன்றை அழித்துச் சைபர் அடித்தேன். பத்து எண் வந்தது. "இப்ப கரெக்டா கீதும்மா" என்று வாத்தியார் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வலையை மடித்துக்கொண்டிருந்தாள். அதைத் தூக்கிப் போடச் சொல்ல அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.