வில்லன் காத்திருக்கட்டும்

ராமதாஸின் வலது கட்டைவிரல் ஒரு புறாவைத் துரத்திக்கொண்டிருந்தது. டிவிக்குள் நீல உடுப்புக்காரன் ஒருவன் மாடிக்கு மாடி தாவினான். புறா அவனுக்கு ஒரு முழம் முன்னால் பறந்தது. இடது கை, மனைவி சியாமளா மடித்து வைத்த துண்டின்மேல் விளையாட்டு ரிமோட்டை ஒட்டிக் கிடந்தது. அந்தக் கையில் கட்டைவிரல் ஒழுங்காக வேலை செய்யும். ஆள்காட்டி விரல் சொன்னபிறகு சற்று யோசித்துச் செய்யும். மற்ற மூன்றும் விடுப்பில் இருந்தன.

"மாட்னியா!" என்றார். புறா மாட்டியது. அடுத்த புறாவைத் தேடிக் கிளம்பினார்.

ராமதாஸ் திருப்போரூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். தை மாதத்தில் ஒருநாள் சவரம் செய்துகொண்டிருந்தபோது வாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. கால் திரும்பி வந்தது, பேச்சு திரும்பி வந்தது, கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. பிசியோதெரபிக்காரர் பிசைவதற்கு ஒரு ஸ்பாஞ்சுப் பந்து கொடுத்தார். அது மறுநாளே பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டது. படூரில் வேலை பார்க்கும் மருமகன் அபிஷேக் தன் பழைய விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிக் கொடுத்தான். பந்தைத் தொடாத கை ரிமோட்டைத் தொட்டது. சியாமளாவுக்கு அது போதும். எண்ணெய் தேய்க்கும்போது விரல்கள் முன்போல விறைப்பதில்லை என்பதை அவள் கை அறிந்திருந்தது.

அந்த விளையாட்டில் ஒரு வில்லன் இருக்கிறான். கோபுரத்தின் உச்சியில் நின்று, ஊர்க் குடிநீரில் விஷம் கலக்கப்போவதாக மிரட்டுகிறான். இன்னும் கொஞ்ச நேரந்தான் என்று அவன் சொன்னது சித்திரையில். இப்போது வைகாசி முடியப்போகிறது. இதற்குள் ராமதாஸ் தொலைந்த பூனைகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார், கேஸ் கசிந்த வீடுகளில் குழாயை அடைத்திருக்கிறார், மூன்றாம் மாடிக் கிழவி ஒருத்திக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கோபுரத்துப் பக்கம் மட்டும் போகவில்லை.

"மாமா, மெயின் ஸ்டோரிக்குப் போங்க. இதெல்லாம் சைடு மிஷன், சும்மா டைம்பாஸ்."

"இன்னா மாப்ள டைம்பாஸு? அந்தக் கெழவிக்கு சுகரு. மாத்திர இல்லன்னா உழுந்துடும்."

"அது பொம்ம மாமா."

"வில்லன் மட்டும் உங்க சித்தப்பாவா?"

வில்லனுக்கும் ஒரு சோகக் கதை வைத்திருந்தார்கள். மனைவி இறந்துபோனாள், ஊர் உதவவில்லை, அதனால் மனம் கெட்டுவிட்டது என்று அபிஷேக் தமிழில் எடுத்துச் சொன்னான். ராமதாஸ் முழுக்கக் கேட்டார். "பொண்டாட்டி செத்தா தண்ணில வெஷம் கலக்கணும்னா நம்ம தெருல ஒருத்தனும் காப்பி குடிக்க முடியாது" என்றார். ஆனாலும் அவன் பேசும்போது மற்ற ஆட்டக்காரர்களைப்போலப் பட்டனை அமுக்கி அந்தப் பேச்சைத் தாண்டிப் போகமாட்டார். "பாவம், மேல நின்னுகினே கீறான். கால் வலிக்கும்."

கோபுரத்துக்கு ஏன் போகவில்லை என்று சியாமளா கேட்டதில்லை. அபிஷேக்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான்: புறாவுக்கும் பூனைக்கும் ஒரு கை போதும், வில்லனிடம் இடது ஆள்காட்டி விரலால் தடுத்து, அதே நொடியில் வலது கையால் அடிக்க வேண்டும். அவள் தலையாட்டிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, வேன் முதலாளி ஜான்சன் வந்தார். வண்டியை இத்தனை மாதமும் சுப்பிரமணி என்கிற மாற்று ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னும் வண்டி தொடக்கூடாது என்றுதான் சொல்கிறார். ஜான்சன் டாக்டரைக் கேட்கவில்லை.

"நீ ஓட்றேன்னு சொன்னா வண்டி உன்னுது ராமு. இல்லன்னா சுப்பிரமணிய பர்மனன்ட் பண்ணிடறேன். காலைல வந்து சொல்லிடு."

அவர் போனதும் ராமதாஸ் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார், கை கழுவினார், டிவியைப் போட்டார். நீல உடுப்புக்காரன் புறாக்களைத் தாண்டி நேராகக் கோபுரத்துக்குப் பறந்தான்.

"இன்னாய்யா, இன்னிக்கு அவன் நெனப்பு வந்துச்சா?" என்றாள் சியாமளா.

"காலி வண்டி" என்றார் ராமதாஸ்.

அவளுக்குப் புரிந்தது. பிரேக் வேலை பார்த்து வந்த வண்டியை நெம்மேலிவரை காலியாக ஓட்டிப் பார்க்காமல் ஒரு பிள்ளையையும் ஏற்றமாட்டார். ஜான்சன் டீசலைச் சொல்லித் திட்டியும் அந்தப் பழக்கத்தை விட்டதில்லை. இந்த வில்லனிடம் தோற்றால் யாருக்கும் அடிபடாது.

வில்லன் அடித்தான். நீல உடுப்புக்காரன் விழுந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி விழுந்தான். ஒவ்வொரு முறையும் விரல் யோசித்து முடிப்பதற்குள் அடி விழுந்துவிடும். சண்டையை எளிதாக்கட்டுமா என்று டிவி கேட்டது. ஞாயிறு என்பதால் வந்திருந்த அபிஷேக் ஆமாம் என்று சொல்லக் கை நீட்டினான்.

"உடு மாப்ள. பிரேக் புடிக்கலன்னா ரோட்டயா சரி பண்ணுவ?"

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சியாமளா, அவர் காதோரம் வியர்ப்பதைப் பார்த்து மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வில்லன் தடுமாறினான். பிறகு முழங்காலிட்டான். அபிஷேக் எழுந்து குதித்தான். "மாமா, சூப்பர்! நாளைக்கு வண்டிய எடுங்க!"

வில்லன் சாவதற்குமுன் நெடுநேரம் பேசினான். ராமதாஸ் குறுக்கிடாமல் கேட்டார்.

"சாவும்போதாவது வாய மூட்றானா பாரு" என்றாள் சியாமளா. அபிஷேக் இந்தச் சேதியை மனைவிக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். சியாமளா வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கினாள்.

"முட்டிய எதுக்குக் குடுத்த?"

ராமதாஸ் திரும்பவில்லை. கடைசிச் சண்டையில் இடது பட்டனை விரல் அமுக்கவில்லை. ரிமோட்டை வலது தொடைமேல் சாய்த்து, இடது முழங்காலைத் தூக்கி அதனால் அமுக்கியிருந்தார்.

"பாத்துட்டியா?"

"கண்ணு கீதில்ல."

"ஜெயிச்சேனே."

"ஜெயிச்ச. கியரு போட முட்டி எட்டுமா?"

டிவியில் ஊர் பிழைத்திருந்தது, எங்கும் ஒரே வாணவேடிக்கை. ராமதாஸ் ரிமோட்டைக் கீழே வைத்தார். இடது கையை வலது கையால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அன்று அவர் மேற்கொண்டு ஒரு புறாவையும் துரத்தவில்லை.

மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, காக்கிச் சட்டை போட்டார். பொத்தான்களைச் சியாமளா போட வந்தபோது தடுக்கவில்லை. ஜான்சன் வீட்டு வாசலில் வேன் நின்றது. சுப்பிரமணி ஓரமாக நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். சியாமளா தெருமுனைவரை வந்து நின்றுவிட்டாள்.

ராமதாஸ் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். இருக்கையை இரண்டு தட்டுத் தட்டித் துடைத்தார். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். அது சுப்பிரமணி உயரத்துக்குத்தான் திருப்பியிருந்தது. அதை அப்படியே விட்டார்.

"ஏறு அண்ணாத்த" என்றார் சுப்பிரமணியைப் பார்த்து.

"ராமு, இன்னாச்சு?" என்றார் ஜான்சன்.

"செகண்ட் கியரு உழாது."

வேனின் முன்னால் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் உட்காருகிற, கதவோரத்து ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தார். சுப்பிரமணி ஏறி வண்டியை எடுத்தார். தெருமுனையில் வேன் நின்றதும், தன்னைவிடப் பெரிய பையோடு நின்ற சின்னப் பெண்ணுக்கு ராமதாஸ் கதவைத் தள்ளித் திறந்து வலது கையை நீட்டினார்.