பட்டனுக்கு உயரம் தரக் கூடாது

அந்த விதியை எழுதியவன் நான்தான். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மென்பொருள் அறையில் நாங்கள் ஐந்து பேர். கீழே ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் இருக்கும் தொடுதிரைகளுக்குப் பக்கங்கள் செய்வது எங்கள் வேலை. பட்டன் பொதுவானது; ஒரே இடத்தில் எழுதிவைத்து எல்லாத் திரைகளிலும் எடுத்துப் போடுவோம். ஆளாளுக்கு அதை எடுத்துப் போடும்போது உயரம், நிறம் என்று தனிக் குறிப்பு, அதாவது ப்ராப், கொடுத்து, பத்துத் திரையில் பத்து விதமாக ஆக்கிவைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி அந்த இரண்டையும் யாரும் தரக் கூடாது என்று விதி போட்டேன். தந்தால் நாங்கள் நிரல் எழுதும் எடிட்டர் அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு போடும்.

எங்களில் ஒருத்தி தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். இரண்டு வருஷம் கீழே தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் நின்றுகொண்டே தபால் வழியில் கணினி படித்து, மாடியில் எங்கள் அறைக்கு வந்தவள். வந்த மாதமே பட்டனுக்கு உயரம் கொடுத்து ஒரு பக்கத்தை என் சரிபார்ப்புக்கு அனுப்பினாள். திருப்பினேன். மறுபடி அனுப்பினாள். மறுபடி திருப்பினேன். மூன்றாம் முறை என் மேஜைக்கே வந்து நின்றாள்.

"சார், க்ளவுஸ் போட்ட கைக்கு அது சிக்க மாட்டேங்குதுங்க."

விதி என்றால் எல்லோருக்கும்தான் என்றேன். அதோடு விட்டேனா? விதியைப் படிக்கவே தெரியாதவர்களை மேலே அனுப்பி என் உயிரை வாங்குகிறார்கள் என்றும் சொன்னேன், அறையில் எல்லோர் காதிலும் விழும்படி. 'பெரியது' என்று ஓர் அளவைப் பொதுப் பட்டனில் நானே சேர்த்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. பாவி நான், அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கக்கூட இல்லை.

அவள் உயரத்தை எடுத்துவிட்டாள். அதன் பிறகு எதையும் கேட்கவில்லை. மாதக் கடைசியில், பழைய வேலைக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். நான் தடுக்கவில்லை.

போன வாரம் ஒரு திரை மக்கர் செய்கிறது என்று கீழே போனேன். பக்கத்து மிஷினில் அவள். க்ளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். திரும்ப மாட்டிக்கொண்டு தகட்டை எடுத்தாள். ஒவ்வொரு தகட்டுக்கும் இதே பாடு. சில சமயம் மாட்டிக்கொள்ள நேரமில்லாமல் வெறுங்கையாலேயே எடுத்தாள். விரல்களில் புதிதும் பழையதுமாகக் கீறல்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே 'பெரியது' சேர்த்துக் கீழே உள்ள திரைகளுக்கு அனுப்பினேன். மறுநாள் அவள் க்ளவுஸோடு அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேலை செய்தது. தப்பு என்னுடையதுதான், மேலே வந்துவிடம்மா என்று கேட்டேன்.

"பட்டன் நல்லாருக்குதுங்க சார்," என்றாள். "நான் இங்கயே இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டு அடுத்த தகட்டை எடுத்தாள்.