பீட்ரூட் தொப்பி

நனைந்த கம்பளி வாசனை வந்தால் எங்கள் வீட்டுக்குப் புதுத் தொப்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்த அப்பா அதை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, தலையில் வைத்து, வலது காதுப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு, காய்கிறவரை பிரேசர் டவுன் வீட்டு மொட்டை மாடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு பிளேடால் அதன் பிசிறை மழிப்பார். தன் தாடியைக்கூட அவ்வளவு பொறுமையாக மழித்ததில்லை.

காம்பவுண்டில் பாதிக் குடும்பங்கள் பட்டாளத்துக் குடும்பங்கள். அதனால் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரிகிறதோ இல்லையோ, தொப்பி நிறம் தெரியும். டாங்கிக்காரர்களின் கறுப்புக்கு "தோசைக்கல்" என்று பெயர். பச்சை காலாட்படை, சிவப்பு ராணுவப் போலீஸ். வெளிர்நீலம் போட்டவர் அமைதிப்படையோடு வெளிநாடு போகிறவர், திரும்பும்போது டேப் ரிக்கார்டரோடு வருவார். அப்பாவுடையது கருநீலம். பாராசூட் படையின் கருஞ்சிவப்பைத்தான் "பீட்ரூட்" என்போம். ஒருவருக்குப் படை மாறினால் "தொப்பி மாறிடுச்சு" என்பார்கள். வீடும் பள்ளியும் மாறுவதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவர் பாராசூட் படையில் இருந்தார். ஒரு மத்தியானம் அவர் இல்லாத வேறொரு பீட்ரூட் தொப்பி கேட்டைத் திறந்துகொண்டு வந்தது. அக்கா கதவைத் திறந்தாள், தொப்பியைப் பார்த்தாள், சாவுச் சேதி கொண்டு வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே அலறினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு பீட்ரூட் பொரியல்கூட எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, வடக்கே இருந்த அப்பாவிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. அம்மா தபால்காரரை வாசலில் நின்றே எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தாள். அப்படி ஒரு சனிக்கிழமை, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கருஞ்சிவப்பு நிறம் நகர்ந்து வருவதை ஜன்னலில் பார்த்தேன். அது எங்கள் மாடிப்படியில் ஏறியது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.

"அம்மா, பீட்ரூட் வந்துருக்கு!"

அம்மா கையில் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தொறக்காதடி. பேட, வேண்டாம், தொறக்காத" என்றாள். பயந்தால் அவளுக்குக் கன்னடமும் சேர்ந்து வரும். கதவைத் திறக்காதவரை அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டு பேருமே நம்பினோம். தட்டத் தட்ட அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனை உரக்கக் கூப்பிட்டாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெளியே இருந்தவர் ஏதோ சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழவில்லை.

தட்டுவது நின்றது. சற்று நேரத்தில் மாடி வராந்தாப் பக்கத்துச் சமையலறை ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. கம்பி இடித்ததால் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"ஏம்மா, என்னைத் தெரியலியா உங்களுக்கு?"

எங்களுக்குத் தெரியாமல் பாராசூட் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்து, தேறி, புதுத் தொப்பியைக் காட்டி அசத்தலாம் என்று வந்திருக்கிறார் அப்பா. நிறம்தான் மாறியிருந்தது, பேட்ஜ் அதே பழைய வயர்லெஸ் பேட்ஜ். அதைப் பார்க்க யாருக்குத் தெம்பு இருந்தது? அம்மா கரண்டியால் ஜன்னல் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தாள். பிறகு அழுதாள். அன்றிலிருந்து அப்பா கேட்டுக்கு வெளியிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்.

அந்தக் காம்பவுண்டு இடிந்து இன்று அடுக்குமாடியாகிவிட்டது. கெட்ட செய்தி இப்போது ஆள் வருவதற்கு முன்பே செல்போனில் வந்துவிடுகிறது, கதவைத் தட்டும் மனிதர் என்று ஒருவர் இல்லை. போன மாதம் அப்பாவிடம் இதைச் சொல்லி, எங்களுக்காகத்தானே தொப்பியைக் கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

"அப்புறம் என்னையும் அந்த மாதிரி சேதி சொல்ல அனுப்பிச்சாங்கம்மா. தொப்பியோட நின்னா அவங்களே தெரிஞ்சுக்குவாங்க. கழட்டிட்டுப் போனா, அவரோட சிநேகிதர்னு நினைச்சு உள்ள கூப்ட்டு உக்கார வைப்பாங்க. தண்ணி குடுப்பாங்க. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவங்க வீட்டுக்காரர் உயிரோட இருப்பாரு."

கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன். "எத்தனை வீடுப்பா?"

"நாலு" என்றார். "நாலு வீட்லயும் ரெண்டாவது சொம்பு கேட்டேன்."