ராணியின் கண்ணுக்கு இன்று நியாயம் கிடைத்தது

இன்று புளியங்குடி பஸ்ஸில் என் நாற்பது வருடப் பகை பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது. இடது கண்ணில் பச்சைத் துணி. கண்புரை ஆபரேஷனாம்.

பூலையா அண்ணாச்சி. எண்பதுகளில் சங்கரன்கோவில் ஆடு மாடுகளுக்கெல்லாம் இவர்தான் வைத்தியர். அப்போது நான் குதிரை வண்டி ஓட்டினேன். என் குதிரை ராணி கண்ணைச் சிமிட்டினால் தென்காசி வரை காற்றடிக்கும்.

அந்தக் கண்ணை ஒருநாள் உடைமரத்து முள் கீறிவிட்டது. இவர் வந்தார். புகையிலையையும் உப்பையும் சேர்த்து மென்றார். "கண்ணை விரிச்சுப் பிடிலே" என்றார். நானும் மடையன், பிடித்தேன். புண்ணுக்குள்ளேயே துப்பினார். ராணி கதறியதில் கோபுரம் ஒரு முழம் நகர்ந்தது.

மறுநாள் பார்த்த கவர்மெண்ட் மாட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தினம் நான்கு வேளை மருந்து, வெயில் படாமல் முகத்துக்குத் துணி, தூணில் தேய்க்காமல் காவல். கண்ணில் விழுந்த வெள்ளை பரவுகிறதா என்று தினமும் விடிந்ததும் பார்ப்பேன். நாற்பது நாள். பார்வை பிழைத்தது. வடு நின்றுவிட்டது, என் வயிற்றெரிச்சலும்.

இன்று அண்ணாச்சி புலம்பினார்: "சொட்டு மருந்து எரியுதுவே. மருமக நேரத்துக்கு ஊத்தவும் மாட்டேங்கா."

நான் மடியிலிருந்து புகையிலையை எடுத்து நிதானமாக மென்றேன். "ராணி ஞாபகமிருக்கா அண்ணாச்சி? கண்ணை விரிச்சுப் பிடியும்."

இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.

அவருக்கு வலது கண் ஆபரேஷன் என்றைக்கு என்று தெரிந்தவர்கள் கீழே கமெண்ட்டில் சொல்லவும். இன்று கையில் உப்பு இல்லாமல் போய்விட்டது.