சக்கர நாற்காலி இல்லாத படங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பாடசாலைக்குப் புறப்பட்டு நின்றபோது, பவானி ரீச்சரின் தம்பி விசுவமடுவிலிருந்து அழைத்தார். "அக்கா விடிய மோசம் போயிட்டா, ரீச்சர். அஞ்சலிப் பதாகைக்கு நல்ல படம் ஒண்டு அனுப்புங்கோ. உங்களிட்டத்தானே கிடக்கும்."

ஓம், என்னிடம்தான் கிடந்தன. ஒன்றில்கூட அவருடைய சக்கர நாற்காலி இல்லை. எல்லாம் என் கைவேலை.

கடைசி யுத்தத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர் பவானி. புதுக்குடியிருப்பில் எங்கள் பாடசாலையில் அவர் வரலாறு, நான் கணிதம். படம் எடுக்கும் நாளென்றால் அவரைத் தூக்கிச் சாதாரணக் கதிரையில் இருத்தி, சேலையை நிலம்வரை இழுத்துவிடுவேன். ஒருவரும் அவரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லக்கூடாதென்ற ஆசை எனக்கு.

ஒரு பரிசளிப்பு விழாவில் அப்படி இருத்தியபோது என் கையைத் தட்டிவிட்டார். "உமக்கு என்ர அமெரிக்கச் சனாதிபதியைத் தெரியாது."

அவரோடு ஆசிரியர் அறையில் இருந்த எங்களுக்கா தெரியாது! தினமும் தேத்தண்ணீரோடு அந்த மனிதரின் கதைதான். சனம் வேலையில்லாமல் வீதிக்கு வந்த காலத்தில் பாதை போடவும் அணை கட்டவும் ஆட்களை எடுத்தது, முதியோருக்கு ஓய்வூதியம் கொண்டுவந்தது, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். வன்னிக்கு அப்படி ஒருவர் வரமாட்டாரா என்று ஏங்குவார். "நீரே எலெக்சன் கேளும், நான் போஸ்டர் ஒட்டுறன்" என்று பகிடி பண்ணுவேன்.

அன்று பகிடி இல்லை. "அந்த மனிசனும் வீல்செயர்தான். ஆனா படத்தில காட்டவிடேல்லை. அவர் செத்து எத்தினையோ வருசத்துக்குப் பிறகு, நடக்கேலாத சனம் சண்டை பிடிச்சுத்தான் வீல்செயரோட சிலை வச்சது. எனக்கு ஆர் சண்டை பிடிக்கிறது?"

"சரி, அடுத்தமுறை" என்றேன். அடுத்தமுறையும் சேலையை இழுத்துவிட்டேன். அவர் கமெராவைப் பார்த்துச் சிரித்தார்.

செத்தவீட்டுக்குப் போனபோது பதாகை கட்டியாயிற்று. நான் அனுப்பிய படத்தைத் தோள்வரை வெட்டியிருந்தார்கள். நாற்காலி எங்கே என்று கேட்டேன். வருகிறவர்கள் கண்டால் இன்னும் அழுவார்கள் என்று குசினிக்குப் பின்னால் விட்டிருந்தார் தம்பி. நானே போய் உருட்டிவந்து, பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தினேன்.

"என்ன ரீச்சர் இது, சனம் பாக்குமே!"

"பாக்கட்டும் தம்பி. நல்லாப் பாக்கட்டும்."

பவானி, ஆசிரியர் அறையில் உம்முடைய மேசைக்கு முன்னால் ஒருநாளும் கதிரை இருந்ததில்லை. நேற்று, புதிதாக வந்த ரீச்சர் ஒருத்தி அங்கே கதிரை கொண்டுவந்து போடப் பார்த்தாள். "கொஞ்ச நாள் போகட்டும் பிள்ளை" என்றேன். உம்மில் எனக்கு மிஞ்சியது அந்த வெறும் இடம்தான். ஒருக்கா உருட்டிக்கொண்டு வாருமப்பா. இந்தமுறை முழுப்படம் எடுக்கிறேன்.