கிமோனோ கட்டியவர்களின் பாட்டுகள்

டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலம் அது. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளையும் ஹைம் என்று நாங்கள் சொல்லும் அகதி விடுதியில் சுவரைப் பார்த்துக் கழித்துவிட்டு, மூன்றாம் ஆண்டு எடுத்த வேலை. அனுமதியும் அந்த ஒரே உணவகத்துக்கு மட்டும்தான். ஆண்டு முடிவில், இவள் எனக்கு இன்னும் தேவை என்று முதலாளி ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் திரும்பவும் ஹைம், திரும்பவும் அதே சுவர்.

உணவகத்தை நடத்தியவர் ஒரு ஜப்பானியப் பெண்மணி. அவருடைய கணவர் சமையல்காரர், அடுப்பை விட்டு வெளியே தலை காட்டமாட்டார். பின்பக்க அறையில் ஒரு கரோக்கே இயந்திரம் இருந்தது. தடித்த கசெட் ஒன்றைத் தள்ளினால் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும், பாட்டை நாங்கள்தான் பாட வேண்டும். மாலையில் கம்பனி அதிகாரிகள் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு அதில் கத்துவார்கள். ஆண்டில் ஒரு ஞாயிறு பிற்பகல் மட்டும் அந்த அதிகாரிகளின் மகள்மார் பாடுவார்கள். அந்த ஆண்டு மூன்று பேர் பாட இருந்தார்கள்.

ஒருநாள் ஒத்திகையில் மூன்றாவது பெண்ணின் குரல் மேலே போகும்போதெல்லாம் உடைந்தது. பதின்மூன்று வயது இருக்கும். உடைந்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் பாட வைத்தார் முதலாளியம்மா. எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் சங்கீதத்தில் ஆசிரியர் தரம் வரை பரீட்சை எழுதியவள் நான். கோப்பை கழுவ வந்தால் காதையும் வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டுமா என்ன? ஈரக் கையோடு போய், என் அரைகுறை ஜெர்மனில், பிள்ளையில் பிழை இல்லை, சுருதிதான் அவளுக்கு மேல் என்றேன். அந்த இயந்திரத்தில் சுருதியைக் குறைக்க வழி இல்லை. குரலுக்குப் பொருந்துகிற பாட்டைத்தான் தேட வேண்டும். முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த மெட்டை அப்படியே ஸ்வரமாகப் பாடிக் காட்டினேன். அவர் இயந்திரத்தை நிறுத்தி, அன்றைய ஒத்திகையை அதோடு முடித்தார்.

அடுத்த வாரம் அவருடைய தாய்க்கு வருத்தம் கடுமையாகி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி வந்து, அவர் ஜப்பானுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது ஒத்திகையை என்னிடம் விட்டுப் போனார். பிள்ளைகள் தாங்களே ஐந்தைந்து பாட்டு எடுத்து வைத்திருக்கிறார்கள், எது யாருடைய குரலுக்குப் பொருந்தும் என்று மட்டும் பார் என்றார். என் படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். நிகழ்ச்சி நல்லபடி முடிந்ததும் கையெழுத்து வைக்கிறேன் என்றார். என் டெர்மின், அலுவலகத்தில் நான் போய் நிற்க வேண்டிய நாள், நிகழ்ச்சிக்கு மறுநாள் திங்கள் காலை.

எங்களோடு சமையலறையில் காய்கறி வெட்டிய அண்ணை ஒருவர் இருந்தார். நல்லூர்ப் பக்கத்து ஆள், எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"தங்கச்சி, உந்த வேலையை ஏன் தலையில போடுறீர்? கோப்பையைக் கழுவினமா, போனமா எண்டு இரும்."

நான் கேட்டால்தானே. மூன்று மணிக்குக் கடை ஓய்ந்ததும் பின்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கசெட்டுகளைக் கேட்பேன். எழுத்து ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு பெட்டியிலும் சின்னக் கடதாசி ஒட்டி ஐந்து கட்டை, ஐந்தரை, மோகனம் மாதிரி என்று சுருதியையும் ராகத்தையும் தமிழில் எழுதி வைத்தேன். இரண்டு பிள்ளைகளுக்குக் கீச்சுக் குரல், அவர்கள் எடுத்த பாட்டுகள் பொருந்திவிட்டன. மூன்றாவது பெண்ணுக்கு நாலரைக் கட்டைக் குரல். அவள் எடுத்த ஐந்தும் அவளுக்கு எட்டாதவை.

ஐந்துமே ஒரே மாதிரி. உறையில் முழங்காலுக்கு மேலே நிற்கும் சட்டை, தலையில் பெரிய றிபன், பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. பதினாறு பதினேழு வயதுப் பாடகிகள். பாட்டும் ஒரே துள்ளல். பார்த்த உடனேயே எனக்கு முகம் கோணியது. இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை பாடுகிற பாட்டா என்று நினைத்தேன். மூலையில் இன்னொரு பெட்டி கிடந்தது. அதில் இருந்த பாடகிகள் கழுத்துவரை மூடிக் கிமோனோ கட்டி, தலையை இழுத்து முடிந்து, கண்ணைத் தாழ்த்தி நின்றார்கள். கச்சேரிக்குப் பட்டுச் சேலை உடுத்தி வந்த வித்துவான் அம்மாக்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். கேட்டேன். நிதானமான பாட்டு, நீண்ட கார்வை, ஒன்று மோகனத்துக்கு மிகவும் கிட்ட. அளவெடுத்துத் தைத்த சட்டை போல அந்தப் பெண்ணின் குரலுக்குப் பொருந்தியது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடுப்பைப் பார்த்தே பாட்டின் ஒழுக்கத்தைத் தீர்மானித்துவிட்டேன்.

கசெட்டைக் கொடுத்தபோது அவள் உறையைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். உண்மையாக இதுவா என்று ஜெர்மனில் கேட்டாள். இதுதான் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மூன்று கிழமை பாடினாள். குரல் எங்கும் உடையவில்லை. கடைசிக் கிழமை அவள் பாடும்போது எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை. பாட்டுகளின் பெயரை நிகழ்ச்சிப் பட்டியலில் பிள்ளைகளே தங்கள் கையால் எழுதினார்கள். எனக்கு அந்த எழுத்துத் தெரியாதே.

முதலாளியம்மா சனிக்கிழமை இரவுதான் திரும்பி வந்தார். மறுநாள், நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, கதிரைகளை ஒழுங்குபடுத்த வந்த அந்தப் பெண்ணின் தாய் பட்டியலைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முதலாளியம்மா போய்ப் பார்த்தார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மகளைக் கூப்பிட்டார்கள், அதன் பிறகு என்னை.

முதலாளியம்மா ஜெர்மனில் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். இன்னொருத்தியின் கணவனுக்காக வாடகை அறையில் காத்திருக்கிற ஒரு பெண்ணின் பாட்டு இது. மூன்றாம் அடியில் அவள் குடித்துவிட்டு அழுகிறாள். கிமோனோ கட்டியவர்கள் பாடுவதெல்லாம் அநேகமாக அப்படித்தான், அது ஆண்கள் இரவில் பாடுகிற பெட்டி. றிபன் கட்டிய சிறுமிகள் பாடுவதுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாட்டு. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

தாய் மகளைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழி தெரியாவிட்டாலும் கேள்வி தெரிந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். முதலாளியம்மாவும் என் பக்கம் திரும்பினார். இவள் அந்தப் பெட்டியிலிருந்து கசெட் எடுத்ததை நீ கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

கதவடியில் கத்தியும் கையுமாக நின்ற அண்ணை நிலத்தைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார்.

"விடிஞ்சால் உமக்கு டெர்மின். இப்ப வாயைத் திறந்தீரெண்டால் அந்தப் பேப்பர் லாச்சிக்குள்ளதான் கிடக்கும்."

எடுத்துக் கொடுத்தது நான் என்று சொல்ல நான்கு ஜெர்மன் சொல் போதும். நான்கும் எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தன.

"எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

அந்தப் பெண் தாயிடம் திரும்பி, தன்னையே விரலால் காட்டி ஒரே ஒரு சொல் சொன்னாள். தாய் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. அவள் கையில் இருந்த கசெட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தார். அவள் முதலில் எடுத்த ஐந்தில் ஒன்றைப் பாட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த ஐந்தில் ஒன்றுமே அவளுக்கு எட்டாது என்று அந்த அறையில் அவளையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை.

கடைசியாக அவள் பாடினாள். நான் சமையலறைக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு மேலே ஏறி, குரல் உடையும் என்று நான் நினைத்த இடத்தில் சரியாக உடைந்தது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். தகப்பன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரமும் அதே இடம், அதே உடைவு. இடையில் நிறுத்திவிட்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கடைசி அடிவரை பாடி, குனிந்து வணங்கிவிட்டு இறங்கினாள்.

சனம் கலையத் தொடங்கியதும் முதலாளியம்மா லாச்சியைத் திறந்து, படிவத்தில் கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தித் தந்தார். பிள்ளைகளோடு நன்றாகப் பாடுபட்டாய் என்றார். நன்றி சொல்லி வாங்கினேன். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

தாயும் தகப்பனும் வாசலில் மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் சமையலறைக்கு வந்தாள். ஒத்திகை முடிந்து போகிற நாட்களைப் போலவே எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள்.

"அந்தக் கிமோனோப் பாட்டு எனக்கு முழுக்க மனப்பாடம். யாரும் இல்லை, நீங்கள் மட்டும் கேட்கிறீர்களா?" என்றாள்.

எனக்குக் கோப்பை கழுவ இருக்கிறது என்றேன்.